டான்டிலியன் வேர்க் கோப்பி

டான்டிலியன் வேரை வறுக்கும்போது மூன்று மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் எழுவது ஈர மண்ணும் அவித்த உருளைக்கிழங்கும் கலந்த மணம். அதை முகர்ந்தால் யாருக்கும் குடிக்க ஆசை வராது. வேரின் ஈரம் முழுதும் போனபிறகு பாணின் மேல்தோல் சிவக்கும் மணம் வரும். அதற்குப் பின்னால், மிகக் குறுகிய நேரத்துக்கு, கொக்கோவும் காய்ச்சிய சீனியும் சேர்ந்ததொரு மணம் குசினியை நிறைக்கும். அவணை நிறுத்த வேண்டியது அந்தக் கணத்தில்தான். தாமதித்தால் மிஞ்சுவது கரி.

இந்த மூன்றாவது மணத்தைப் பிடிக்க எனக்குச் சொல்லித் தந்தவர் அம்மா. கனடா வரும்வரை அவர் டான்டிலியனைக் கண்டதே இல்லை. ஆனால் எதை எந்தப் பதத்தில் தாச்சியிலிருந்து இறக்க வேண்டும் என்பது அவருடைய மூக்குக்குத் தெரியும். "நிறத்தைப் பார்க்காதை பிள்ளை, மணத்தைப் பார்" என்று அடுப்பங்கரையில் நின்று சொல்லுவார். நிறத்தை நம்பினால் குசினி விளக்கின் வெளிச்சம் ஏமாற்றிவிடும் என்பது அவர் கண்ட பாடம். அந்தப் பாடம் அவருக்கு வந்தது யாழ்ப்பாணத்தில், மின்சாரமே இல்லாத இரவுகளில்.

எங்கள் ஊரில் கோப்பி என்றால் கோப்பிக்கொட்டை மட்டுமல்ல. கொட்டையோடு மல்லியும் வறுபடும், சுக்கு சேரும், சில வீடுகளில் மிளகும் சீரகமும் சேரும். எல்லாவற்றையும் உரலில் இடித்து அரிதட்டில் அரித்து, போத்தலில் அடைத்து வைப்பார்கள். மல்லி எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். 1990 ஜூனில் அரச படைகளுக்கும் புலிகளுக்கும் இடையே சண்டை மீண்டும் தொடங்கியபின், எங்கள் வீட்டில் அந்த அளவு மாதத்துக்கு மாதம் மாறியது. பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குள் மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், சீமெந்து, உரம் எதுவும் ஒழுங்காக வரவில்லை. வந்தது விலைக்கு எட்டவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் மண்ணெண்ணெய் நனைத்துத் திரி கொளுத்தினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பனம்பழக் களியால் துணி தோய்த்தோம். சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்தோம். கோப்பித்தூளில் கொட்டையின் பங்கு குறையக் குறைய மல்லியின் பங்கு கூடியது. 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கியதால் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது அம்மாவின் பையில் இருந்த தூளில் கோப்பிக்கொட்டை ஒன்றுகூட இல்லை. அதையும் நாங்கள் கோப்பி என்றுதான் குடித்தோம். குடித்தபின் உடம்பு சற்று நிமிர்ந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வைத்தியர் அம்மாவின் நெஞ்சுப் படபடப்பைக் கேட்டுவிட்டு, "கோப்பியை விடுங்கள்" என்றபோது அம்மா பதறவில்லை. வேறொன்றை வறுக்கலாம் என்றுதான் யோசித்தார். கடையில் வாங்கிய கஃபீன் நீக்கிய தூள் அவருக்குப் பிடிக்கவில்லை. மல்லித்தண்ணி இருந்தது. ஆனால் அது காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் குடிக்கும் மருந்தாக அவருடைய மனதில் ஏற்கெனவே பதிந்துவிட்டது. காலையில் குடிக்க, கறுப்பாகவும் கைப்பாகவும் ஏதாவது வேண்டும் என்றார்.

வழி காட்டியது பக்கத்து வீடு. இத்தாலியின் கலாப்ரியாப் பகுதியிலிருந்து இளம் வயதில் வந்த மூதாட்டி ஒருவர் அங்கே இருந்தார். ஏப்ரல் கடைசியில், பூ வருமுன், புல்தரையில் குனிந்து சிறு கத்தியால் டான்டிலியன் இலைகளை அடியோடு வெட்டிக் கூடையில் போடுவார். அவித்துப் பிழிந்து, உள்ளியும் ஒலிவ் எண்ணெயும் விட்டு வதக்கிச் சாப்பிடுவார்கள். ஊர் வேலிகளில் முசுட்டை இலையும் குறிஞ்சா இலையும் ஆய்ந்து பழகிய அம்மாவுக்கு இதற்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. ஒருநாள் அந்த அம்மையார் தடித்த வேரொன்றை இழுத்தெடுத்து, வறுப்பது போலவும் அரைப்பது போலவும் கைகாட்டி, பிறகு கோப்பை ஒன்றை உதட்டில் வைப்பதுபோல் செய்து காட்டினார். அம்மா வீட்டுக்குள் வந்து, "அந்த வேர் கோப்பியாம்" என்றார்.

ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு டான்டிலியனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மே மாதத்தில் ஊர் முழுக்க மஞ்சள். 2009 ஏப்ரல் 22 முதல், புல்தரையை அழகுபடுத்துவதற்காகக் களைகொல்லி அடிப்பதை மாகாண அரசு தடைசெய்தது. ரொறன்ரோ நகரம் அதற்கும் சில ஆண்டுகள் முந்தியே தன் அளவில் கட்டுப்பாடு கொண்டுவந்திருந்தது. அதன்பின் மஞ்சள் இன்னும் கூடியது. எத்தனையோ பேர் இதை நகரத்துக்கு வந்த அவமானமாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பெரும் கொடையாகத் தெரிகிறது. நஞ்சு படாத மண்ணில், யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் உணவு முளைத்து நிற்கிறது. குளிர் முடிந்து வரும் தேனீக்களுக்கு அந்த மஞ்சள்தான் முதல் விருந்துகளில் ஒன்று.

வேர்க் கோப்பி செய்வதை எங்காவது யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று நூலகத்தில் தேடியபோது கைக்கு வந்தது சூசானா மூடியின் புத்தகம். 1852இல் லண்டனில் வெளிவந்த ரஃபிங் இட் இன் த புஷ். கனடாவின் தொடக்ககாலக் குடியேறிகள் எழுதிய நூல்களில் மிகவும் பேசப்படுவது. 1832இல் கணவரோடும் கைக்குழந்தையோடும் இங்கிலாந்திலிருந்து வந்தவர் மூடி. இன்றைய பீட்டர்பரோவுக்கு வடக்கே, லேக்ஃபீல்டை ஒட்டிய டூரோக் காட்டில் மரம் வெட்டிய வெளியில் குடிசை போட்டு வாழ்ந்தார். எழுத்தாளராக இருந்தவர் அங்கே உருளைக்கிழங்கு கிண்டினார். தேயிலையும் சீனியும் வாங்கக் காசில்லாத ஆண்டுகள் அவை.

புத்தகத்தில் அவர் சொல்வது இதுதான்: எடின்பரோவைச் சேர்ந்த ஹாரிசன் என்ற மருத்துவர் டான்டிலியன் கோப்பியைப் பரிந்துரைத்ததை, கனடா வந்த முதலாண்டில் ஒரு நியூயோர்க் பத்திரிகையில் வாசித்திருக்கிறார். செய்து பார்க்கவில்லை. 1835 இலையுதிர் காலத்தில் கணவரோடு உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டிருக்கும்போது, கிழங்குகளுக்கு நடுவே தடித்த டான்டிலியன் வேர்கள் வந்துகொண்டே இருந்தன. பழைய வாசிப்பு நினைவுக்கு வந்தது. கணவருக்குச் சொல்லாமல் வேர்களை ஒருபக்கம் ஒதுக்கினார். கழுவினார், தோலைச் சுரண்டவில்லை, ஏனெனில் வாசனை அதில்தான் இருக்கிறது என்று குறிப்பிடுகிறார். அவரைக்கொட்டை அளவில் வெட்டி, இரும்புத் தட்டில் அவணில் வறுத்து, அரைத்து, கொதிநீர் ஊற்றிச் சில நிமிடம் கொதிக்கவைத்தார். கடையில் கிடைக்கும் கோப்பியைவிடச் சிறந்ததாக இருந்தது என்பது அவருடைய தீர்ப்பு. அருகே வாழ்ந்த அவருடைய அக்கா கதரின் பார் ட்ரெய்லும், குடியேறும் பெண்களுக்கென்று எழுதிய கையேட்டில் டான்டிலியன் கோப்பிக்கு இடம் தந்திருக்கிறார்.

அந்தப் பக்கங்களை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "புருஷனுக்குச் சொல்லாமல் செய்தவவோ?" என்று கேட்டார். ஓமென்றேன். "சொல்லியிருந்தால் குடிச்சிருக்க மாட்டார்" என்றார் அம்மா. மல்லியின் பங்கு கூடிப்போனதை அப்பாவுக்கு அவர் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

டூரோவில் அந்தப் பெண் வேர் வறுத்த அதே 1830களில், இலங்கையில் கண்டி மலைகளில் காடு வெட்டிக் கோப்பித் தோட்டங்கள் எழுந்துகொண்டிருந்தன. கொட்டை பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் கால்நடையாகக் கொண்டுவரப்பட்டார்கள். வழியிலும் லயங்களிலும் செத்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் வந்து அந்தத் தோட்டங்களைத் தின்னத் தொடங்கியபிறகே மலைகள் தேயிலைக்கு மாறின. கோப்பி என்ற பானத்தின் பின்னால் இவ்வளவு இருக்கிறது. ஒரு பெண் தன் உருளைக்கிழங்குப் பாத்தியிலிருந்து எடுத்து வறுத்த வேரின் பின்னால் அவளுடைய உழைப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. பதிலிப் பானம் என்றாலே தாழ்வாகப் பேசுபவர்களோடு நான் இணங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்களுக்கும் வேர் உருளைக்கிழங்குப் பாத்தியிலிருந்துதான் வந்தது. ரொறன்ரோ நகரப் பூங்காக்களில் செடி பிடுங்க அனுமதியில்லை. ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவிலும் அப்படியே. எங்கள் பின்வளவின் புல்தரை இறுகிக் கிடந்தது. அங்கே வேர் குட்டையாகக் கிளைத்து வரும். பீட்டர்பரோ போகும் வழியில் உறவினர் ஒருவருக்குத் தோட்டக்காணி உண்டு. உருளைக்கிழங்குக்காகக் கொத்திப் பொலபொலப்பாக்கிய மண். ஒக்டோபரில், முதல் உறைபனி விழுந்து புல் நுனி வெளுத்த கிழமை, அம்மாவும் நானும் அங்கே போனோம்.

டான்டிலியனை இலையுதிர் காலத்தில் அடையாளம் காண்பது வசந்தத்தைவிடக் கடினம். பூ பெரும்பாலும் இருக்காது. அதனால் மே மாதத்திலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது: இலையோ கிளையோ இல்லாத, உள்ளே குழலான தண்டு, ஒரு தண்டுக்கு ஒரே பூ, இலைகள் எல்லாம் தரையோடு வட்டமாகப் படுத்திருக்கும், ஓரம் பற்கள் போல் வெட்டுண்டிருக்கும், மேலே சுணை இராது. தண்டு கிளைத்து, இலை மயிர் மயிராக இருந்தால் அது வேறு செடி. வேர் விரல் தடிப்பில் இருக்க வேண்டுமானால் செடிக்கு இரண்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

அம்மா மண்வெட்டியைத் தொடவில்லை. காணியில் கிடந்த அலவாங்கைக் கேட்டார். செடிக்கு ஒரு சாண் தள்ளி அலவாங்கைச் செங்குத்தாக இறக்கி, மேலிருந்து நெம்பி, மண்ணை அசைத்துவிட்டு, பிறகு இலைக்கொத்தின் கழுத்தைப் பிடித்து மெதுவாக இழுப்பார். அவசரப்பட்டால் வேர் நடுவில் முறியும். முறிந்து மண்ணுக்குள் நிற்கும் துண்டிலிருந்து அடுத்த ஆண்டு புதுச்செடி வரும். முழுதாக வந்த வேர் கபிலத் தோலோடு, கீழே போகப்போக ஒடுங்கி, நுனியில் நூலாக முடியும். முறித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை, நடுவில் மஞ்சள் நரம்பு. முறிந்த இடத்தில் பால் துளிர்க்கும். அந்தப் பால் விரலில் காய்ந்தால் கபில நிறக் கறை. எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் இலேசில் போகாது. இந்தச் செடியின் மத்திய ஆசிய உறவு ஒன்றின் பாலிலிருந்து, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சோவியத் நாடு றப்பர் எடுத்தது. மலாயாவின் றப்பர் ஜப்பானியர் கைக்குப் போனபின் கனடாவும் அமெரிக்காவும் அதே செடியைப் பயிரிட்டுப் பார்த்தன.

இலையுதிர் காலம் ஏன் என்பதற்கு வேருக்குள் விடை இருக்கிறது. குளிர்காலத்தைத் தாண்டுவதற்காகச் செடி தன் சேமிப்பை வேரில் இன்யூலின் என்ற மாச்சத்தாகச் சேர்த்து வைக்கிறது. இந்தப் பருவத்தில் உலர்ந்த வேரின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு வரைகூட அது இருக்கும். வசந்தத்தில் இலைவிடுவதற்கு அதைச் செலவழித்துவிடும். அப்போது கிண்டிய வேர் கைப்பு மட்டும் தரும். வறுக்கும்போது இன்யூலின் உடைந்து பழச்சீனியாகிறது, அந்தச் சீனி கருகிச் சிவக்கிறது. மூன்றாவது மணம் இதுதான். சிக்கரி வேரிலும் இதே கதை. இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தின் நெருங்கிய உறவுகள். 1806இல் நெப்போலியன் பிரித்தானிய வணிகத்தைத் தடுத்தபோது கோப்பி கிடைக்காத ஐரோப்பா சிக்கரியைப் பற்றிக்கொண்டது. அங்கிருந்து நீண்டு வந்த பழக்கம் தமிழ்நாட்டின் பில்டர் கோப்பியில் இன்றும் இருக்கிறது. கலவைத் தூளில் கோப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய விதி, மீதி சிக்கரியாக இருக்கலாம். கும்பகோணத்தைச் சேர்ந்த என் தோழி எங்கள் வேர்க் கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "இதுல சிக்கரி போட்டிருக்கியா?" என்று கேட்டாள்.

கழுவுவதுதான் பெரிய வேலை. வாளித் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய்ப் பொச்சால் ஒவ்வொரு வேராகத் தேய்த்தார் அம்மா. தண்ணீர் தெளிந்து வரும்வரை மாற்றிக்கொண்டே இருந்தோம். மூடி சொன்னபடி தோலை விட்டுவைத்தோம். சிறு துண்டுகளாக வெட்டி, தட்டில் ஒற்றைப் படையாகப் பரப்பி, அவணை 200 பாரன்ஹீட்டில் வைத்து, கதவில் மரக்கரண்டியைச் செருகி நீராவி போக வழிவிட்டோம். துண்டு விரலுக்கிடையில் சொடுக்கென முறியும்போது உலர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதன்பின் கதவை மூடி, சூட்டை 300க்கு ஏற்றி, அடிக்கடி கிளறி வறுத்தோம். அம்மா அவணுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கள் வீட்டு அவணின் பின்பக்கம் சூடு அதிகம். அங்கே கிடந்த துண்டுகளை அவர் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். மணம் மாறியதும் எழுந்து தட்டை வெளியே எடுத்துவிட்டார். சூடான தட்டிலேயே விட்டால் வறுபாடு நிற்காது என்று உடனே கடதாசியில் கொட்டினார். ஒரு வாளி வேர், ஒரு ஜாம் போத்தல் தூளாக முடிந்தது.

இதைக் கொதிநீர் ஊற்றி வடித்தால் போதாது. கொதிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டித் தூள் போட்டுப் பத்து நிமிடமாவது அடுப்பில் விட்டால்தான் வேர் தன்னைத் தரும். வடித்தால் கோப்பியைவிடக் கறுப்பாக, சற்றுத் தடிப்பாக இருக்கும். முதலில் இனிப்பு, பிறகு கைப்பு, கடைசியில் நாக்கின் அடியில் வறுத்த மணம். கோப்பியின் புளிப்பும், மூக்கைத் தூக்கும் அந்த எண்ணெய் வாசமும் இல்லை. கஃபீன் இல்லாததால் நித்திரை முறியாது.

அம்மா முதலில் வெறுமையாகக் குடித்தார். பிறகு பனங்கட்டி கடித்துக்கொண்டு குடித்தார். மூன்றாவது தரம் வறுத்த மல்லியும் சுக்கும் ஒரு சிட்டிகை சேர்த்துக் கொதிக்கவிட்டார். "இது கோப்பி இல்லை. ஆனால் நல்லாக் கிடக்கு" என்றார். அவர் சொன்னதில் இரண்டு பாதியும் சரி. கோப்பியோடு ஒப்பிட்டால் இது தோற்கும். ஒப்பிடாமல் குடித்தால் இதற்கென்று ஒரு சுவை உண்டு, அந்தச் சுவைக்கென்று ஒரு நேரமும் உண்டு. மல்லியும் சுக்கும் சேர்ந்தது மூடியினுடைய கோப்பியையும் தாண்டிவிட்டது என்பது என் துணிந்த கருத்து. அதன்பின் அம்மா இருந்தவரை ஒவ்வொரு இலையுதிர் காலமும் நாங்கள் அந்தக் காணிக்குப் போனோம்.

செய்ய விரும்புபவர்களுக்குச் சில வார்த்தைகள். வீதியோரம் கிண்டாதீர்கள், உப்பும் வாகனப் புகையும் வேரில் இருக்கும். பழைய வீட்டுச் சுவரோரமும் வேண்டாம். ஈயப் பெயின்ற் உதிர்ந்த மண் அது. இலையுதிர் காலத்தில் ரக்வீட் மகரந்தத்தால் தும்முபவர்களுக்கு இந்தக் குடும்பச் செடிகள் ஒத்துவராமல் போகலாம். இது சிறுநீரைப் பெருக்கும், பொற்றாசியமும் அதிகம். பித்தப்பையில் கல் உள்ளவர்களும், நீர்க்குளிசை, லிதியம், இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். அம்மாவும் கேட்டுவிட்டுத்தான் குடித்தார்.

1835இல் கனடியக் காட்டில் ஒரு பெண் செய்ததை அளவோடும் முறையோடும் அறிந்து நான் செய்ய முடிந்தது, அவர் அதை எழுதியதால். 1990களில் யாழ்ப்பாணக் குசினிகளில் எது எதற்குப் பதிலானது, எவ்வளவு சேர்த்தார்கள், எவ்வளவு நேரம் வறுத்தார்கள் என்பது அநேகமாக எங்கும் எழுதப்படவில்லை. அம்மாவின் மல்லித்தூளின் அளவுகூட என்னிடம் முழுதாக இல்லை. கேட்க இப்போது அவர் இல்லை. உங்கள் வீட்டில் அந்தக் காலத்தைச் சமைத்துக் கடந்த பெண்கள் இருந்தால், இந்தக் கிழமையே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் இருங்கள். பெயர், அளவு, நேரம், பதம் எல்லாம் கேட்டு எழுதி வையுங்கள்.